பயிற்சியில் விளாசுகிறவர் ஆட்டத்தில் ஏன் அவுட் ஆகிறார்?

கேள்வி: தொண்டியில் ஞாயிறுதோறும் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) ஆடுகிறோம். எல்லோருமே கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பயிற்சியில் விளாசுகிறார், ஆட்டத்தில் முதல் பேஸை (அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் இடம்) தொடுவதே அபூர்வம். யார் எதில் தேறுவார் என்று எப்படிக் குறித்து வைப்பது?

பதில்: ‘அடி நல்லா இருக்கு, ஓட்டம் சுமார்’ என்று எழுதி வைப்பதில் பயனில்லை. நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு திறனையும் பிரித்து எண்ணுங்கள். தேதிக்குப் பக்கத்தில் காற்றின் திசையும் இருக்கட்டும். ஆடிக் கச்சானில் (மேல்காற்றில்) அடித்ததையும் மார்கழி வாடையில் அடித்ததையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பொய்த்துவிடும்.

முதலில் அடி. ஒரே ஆள் ஒரே வேகத்தில் 20 பந்து போடட்டும். ஒவ்வொன்றும் நேராகப் பறந்ததா, தரையில் உருண்டதா, வானத்துக்குப் போனதா, தவறியதா, எந்தப் பக்கம் போனது என்று மட்டும் குறியுங்கள். வலக்கை ஆட்டக்காரரின் பந்துகள் மூன்றாம் பேஸ் பக்கமே உருண்டால் பெரும்பாலும் மணிக்கட்டைச் சீக்கிரம் புரட்டுகிறார். முதல் பேஸ் பக்கமே போனால் மட்டை தாமதமாக வருகிறது. வானத்துக்கே கிளம்பினால் பின்தோள் இறங்குகிறதா பாருங்கள். கிரிக்கெட் கைக்கு இன்னொரு வியாதி உண்டு: தோளுயரத்தில் பிடித்த மட்டை, பந்து வரும்போது தானாக முழங்காலுக்கு இறங்கி அங்கிருந்து கிளம்பும். பக்கவாட்டில் செல்போன் வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தால் அப்பட்டமாகத் தெரியும்.

உங்கள் நண்பருக்கு இன்னொரு சோதனை தேவை. பயிற்சியில் எல்லாப் பந்தும் அடிக்கத் தோதாக வரும். ஆட்டத்தில் பிட்சர் (பந்து போடுபவர்) அப்படிப் போட மாட்டார். பிட்சர் போடும் 20 பந்துகளுக்கு, மட்டையை வீசாமல் நின்று, பின்னால் நிற்கும் கேட்சர் பிடிக்கும் முன்பே ‘ஸ்ட்ரைக்’ (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வருவது), ‘பால்’ (எல்லைக்கு வெளியே போவது) என்று சொல்லச் சொல்லுங்கள். 15 கூடச் சரியாக வராவிட்டால் கோளாறு கையில் இல்லை, பந்தைத் தேர்ந்தெடுப்பதில்.

அடிச் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் 14 முறை மட்டை பிடித்து, 3 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது), 2 வாக் (நான்கு ‘பால்’ வந்து சும்மா முதல் பேஸுக்குப் போனது), ஒரு தியாக பன்ட் (ரன்னரை நகர்த்த மெதுவாகத் தட்டித் தான் அவுட் ஆனது) என்றால் வாக்கும் பன்ட்டும் கழிந்து 11இல் 3, அதாவது .273. ஆனால் பன்ட்டை மட்டும் கழித்தால் பேஸை எட்டியது 13இல் 5, .385. முதலில் இறங்க இவர் தோதானவர்.

ஓட்டத்துக்கு முதல் பேஸ் வரையிலான 60 அடியை (18.29 மீட்டர்) டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மட்டையில் பந்து பட்டது முதல் கால் பேஸில் படும்வரை நேரம். மூன்று தடவை ஓடவிட்டு நடு எண்ணை எழுதுங்கள். மணலில் எடுத்த நேரத்தைக் கட்டாந்தரை நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். நேரம் கூடுவதற்கு வழக்கமான காரணம், பந்தைத் திரும்பிப் பார்ப்பதும் பேஸுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும். முதல் பேஸைத் தாண்டி ஓடலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாண்டினால் பந்தால் தொட்டு (டேக்) அவுட் ஆக்கிவிடுவார்கள். ரன்னர் கிரிக்கெட்டின் நான்-ஸ்ட்ரைக்கரைப் போல முன்கூட்டியே நகர்கிறாரா என்பதையும் குறியுங்கள்: வேகப் பந்து ஆட்டத்தில் பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்புமுன் பேஸை விட்டால் அவுட்.

ஃபீல்டிங்குக்கு நேரே, இடம், வலம் என்று 12 தரைப்பந்து போதும். நிறுத்தியதற்கு ஒரு குறி, எறிந்ததற்குத் தனிக் குறி. இரண்டையும் ஒன்றாக்கினால், அருமையாக நிறுத்திவிட்டுக் கோணலாக எறிகிறவர் மோசமான ஃபீல்டர் என்றே பதிவாகிவிடுவார். அவரை இரண்டாம் பேஸுக்கு மாற்றினால் எறிய வேண்டிய தூரம் வெகுவாகக் குறையும். உயரப் பந்தில் முதல் அடியைப் பாருங்கள். அடிப்பவருக்கு எதிர்காற்று என்றால் பந்து ஃபீல்டருக்கு முன்னாலேயே விழும். பின்னால் ஓடுகிறவர் காற்றைப் பார்க்கவே இல்லை.