நாட்டைவிட்டுப் போன நெகட்டிவ்கள்தான் பிழைத்தன: பிலிப்பைன்ஸ் சினிமா கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் சினிமாவின் வரலாறு பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும். படப் பெயர்களை அந்நாட்டின் முக்கிய மொழியான டகாலோக்கின் உச்சரிப்பையொட்டி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், அங்கே முதல் படம் 1912இல் வந்ததா, 1919இல் வந்ததா? இரண்டு விதமாகவும் படித்தேன்.

இரண்டுமே சரிதான். 1912இல் நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் வாழ்க்கையை மணிலாவில் படமாக்கியவர்கள் அங்கே தொழில் நடத்திய அமெரிக்கர்கள். பிலிப்பினோ ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் ஹோசே நெபோமுசெனோவின் 'டலாகங் புகிட்' (கிராமத்துக் கன்னி). 1919 செப்டம்பர் 12 அன்று திரைக்கு வந்தது. அந்த ஊரின் இசைநாடகமான சார்சுவேலாவிலிருந்து எடுத்த கதை. நாயகி ஆத்தாங் டி லா ராமா மேடையிலும் அதே வேடத்தில் பேர் வாங்கியவர். படம் ஊமைப்படம் என்பதால், ஓடும்போது அவரே அரங்கில் நின்று 'நபாசக் அங் பங்கா' (பானை உடைந்தது) பாட்டைப் பாடினார். இன்று அந்தப் படத்தில் ஓர் அடிகூட மிச்சமில்லை.

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய படங்கள் எத்தனை கிடைக்கின்றன?

முழுநீளக் கதைப்படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றில் ஐந்து: 'சம்போவாங்கா' (1937), 'துனாய் ந இனா' (1939), 'கிலியு கோ' (1939), 'பாகியுசாப்' (1940), 'இபோங் அதார்னா' (1941). கடைசிப் படத்தில் மாயப்பறவை வரும் காட்சிக்கு மட்டும் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அதற்காகவாவது பார்த்துவிடுங்கள்.

மற்றவை அழிந்ததற்கு ஒரே காரணம் இல்லை. அக்காலச் சுருள் நைட்ரேட், சட்டென்று பற்றிக்கொள்ளும். 1945 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த போரில் மணிலாவே தரைமட்டமானது. போருக்குப் பின் வந்த படங்களுக்கோ வேறு விதி: ஓடி முடித்த பிரிண்டைக் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். புத்தாண்டு இரவில் பிள்ளைகள் ஊதும் 'தொரோத்தோட்' ஊதுகுழலைச் செய்யப் படச்சுருளை வெட்டிய காலமும் உண்டு.

கேள்வி: காப்பகங்களில் 'வினிகர் நோய்' என்கிறார்களே, அது என்ன? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நைட்ரேட்டுக்குப் பின் வந்தது அசிடேட் சுருள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். 21 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்த புதுச் சுருளுக்கே இது தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டுகள்தான் என்பது கணக்கு. ஏசி இல்லாத மணிலா கிடங்கில் அதுவும் கிடையாது.

நெடியை நம்பி முடிவு செய்யாதீர்கள். நீல நிறச் சோதனைத் தாளை டப்பாவுக்குள் வைத்து மூடினால், அமிலம் ஏற ஏறப் பச்சையாகி மஞ்சளாகும். நோய் கண்ட சுருளை உடனே தனியாக எடுத்து வையுங்கள்; பக்கத்து டப்பாக்களையும் அது கெடுக்கும். சுருங்கியதை புரொஜெக்டரில் ஓட்டவே கூடாது. நீளம் 1 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டாலே ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் உட்காராமல் கிழியும்.

கேள்வி: 1950களைப் பொற்காலம் என்கிறார்கள். பிறகு என்ன ஆயிற்று?

எல்விஎன், சாம்பகிதா, ப்ரீமியர் ஆகிய பெரிய ஸ்டுடியோக்களின் காலம் அது. நடிகர்கள் மாதச் சம்பளம்போல ஒப்பந்தத்தில் இருந்தார்கள். எல்விஎன்னை நடத்திய நார்சிசா டி லியோன், ஊரே 'தோனியா சிசாங்' என்று அழைத்த அம்மையார். நட்சத்திரங்கள் ஒப்பந்தத்தை விட்டுத் தனித் தயாரிப்பாளர்களிடம் போனதும், தொழிலாளர் தகராறும், செலவும் சேர்ந்து அந்த அமைப்பை உடைத்தன. எல்விஎன் 1961இல் படமெடுப்பதை நிறுத்திவிட்டு படச்சுருள் கழுவும் லேபை மட்டும் வைத்துக்கொண்டது.

கேள்வி: அண்ணா, இந்தச் சினிமாவுக்கும் தமிழருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சிங்கப்பூரில் உண்டு, தம்பி. ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா பிரதர்ஸின் மலாய் ஸ்டுடியோவில் முதலில் இந்திய இயக்குநர்கள்தான் அதிகம். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். 1950களின் பிற்பாதியில் பிலிப்பினோ இயக்குநர்களும் அங்கே வந்தார்கள். மலாய் நட்சத்திரம் பி. ரம்லி நடித்த 'சார்ஜன் ஹசன்' (1958) படத்தை இயக்கியவர் மணிலாவின் லாம்பெர்டோ அவெல்யானா.

கேள்வி: மார்க்கோஸ் சர்வாதிகாரத்தில் எப்படி அவ்வளவு நல்ல படங்கள் வந்தன?

1972 செப்டம்பரில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். படப்பிடிப்புக்கு முன்பே முழுத் திரைக்கதையைத் தணிக்கையாளரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை பலர் செட்டில் வைத்தே வசனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது எழுத்தாளர் இல்லாமல் படம் இல்லை என்றானது. ரிக்கி லீ போன்றவர்களுக்கு இடம் பிறந்தது அப்படித்தான். இதைத் தணிக்கையின் புண்ணியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இஷ்மாயல் பெர்னாலின் 'மணிலா பை நைட்' (1980) படத்தில் ஊர்ப் பெயர் வரும் இடமெல்லாம் ஒலியை அழித்து, தலைப்பை 'சிட்டி ஆஃப்டர் டார்க்' என்று மாற்றவைத்தார்கள். பெர்லின் விழாவுக்குப் போகவும் விடவில்லை.

முதலில் லினோ ப்ரோக்காவின் 'மய்னிலா: ச மங்கா குகோ நங் லிவானக்' (1975) பாருங்கள். 'வெளிச்சத்தின் நகங்களில் மணிலா' என்று பொருள். விடிகாலை பினோண்டோ, சீனர் கடைத்தெரு, எல்லாம் கறுப்பு வெள்ளை. தெருமுனையில் நாயகன் ஹூலியோ ஒரு ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் இடத்தில் வண்ணம் ஊறி வருகிறது. அடுத்து அவன் கட்டட வேலைக்குப் போகிறான். கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கையில் விழுவது அதைவிடக் குறைவு. வசனத்தில் மார்க்கோஸ் பெயரே இல்லை, ஆனால் அந்தச் சம்பளப் பட்டியல் இருக்கிறது.

கேள்வி: யூடியூபில் கிடைக்கும் மங்கலான பிரதியில் பார்த்தால் போதாதா?

போதாது. பழைய வீடியோ பிரதிகளில் ஓரங்கள் வெட்டுப்பட்டு, நிறம் சிவந்துபோய், இரவுக் காட்சிகளில் முகமே தெரியாது. 'மய்னிலா'வை ஒளிப்பதிவு செய்த மைக் டி லியோன், தோனியா சிசாங்கின் பேரன். படத்தின் மூலச் சுருளான நெகட்டிவை லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமான பிஎஃப்ஐயில் ஒப்படைத்திருந்தார். அதிலிருந்துதான் 2013இல் இத்தாலியின் பொலோஞாவில் மீட்டெடுத்தார்கள். ப்ரோக்காவின் 'இன்சியாங்' (1976) நெகட்டிவ் பாரிஸ் லேப் ஒன்றில் இருந்தது. 2015இல் அதுவும் மீண்டது. மானுவல் கொண்டேவின் 'செங்கிஸ் கான்' (1950) இன்று நம் கைக்கு வருவது, வெளிநாட்டுக்காக அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியின் ஆங்கில விவரணை சேர்த்த வடிவத்தில். நாட்டைவிட்டுப் போனவை தப்பின. அங்கேயே இருந்தவை காடியாயின. 1982இல் தொடங்கிய தேசியக் காப்பகம் மார்க்கோஸ் ஆட்சி விழுந்ததும் மூடப்பட்டு, அடுத்தது 2011இல்தான் வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டின் இழப்பை இன்றுவரை ஈடுகட்ட முடியவில்லை.

உள்நாட்டிலேயே மீட்ட படங்களுக்கு ஏபிஎஸ்-சிபிஎன் என்ற ஊடக நிறுவனத்தின் முயற்சிதான் பெரிய ஆதாரம். பெர்னாலின் 'ஹிமாலா' (1982) அதில் ஒன்று. நாயகி நோரா ஔனோர் குன்றின்மேல் நின்று பேச, கீழே 3,000 துணை நடிகர்கள் திரண்டிருக்கும் உச்சக்காட்சியைப் பெரிய திரையில் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள்.

கேள்வி: 1990களில் தொழில் ஏன் சரிந்தது?

வரி ஒரு முக்கியக் காரணம். கேளிக்கை வரி 30 விழுக்காடு வரை இருந்தது. 100 பெசோ டிக்கெட்டில் 30 வரிக்குப் போனால், மீதி 70ஐ வழக்கப்படி தியேட்டரோடு பாதிப் பாதி பிரிக்க, தயாரிப்பாளருக்கு 35தான். 2009 சட்டம் வரியை 10க்கு மேல் போகாமல் கட்டியது. அதே கணக்கில் இப்போது 45. தர மதிப்பீட்டில் 'ஏ' வாங்கிய படத்துக்குக் கேளிக்கை வரி முழுதும், 'பி' வாங்கியதற்கு 65 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும்.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 'பித்தோ-பித்தோ', அதாவது ஏழு-ஏழு. ஏழே நாளில் படப்பிடிப்பு, இன்னோர் ஏழு நாளில் பின்தயாரிப்பு. மிக நீண்ட படங்களுக்குப் பேர்போன இயக்குநர் லாவ் டியாஸ் 1998இல் அறிமுகமானது அந்த வழியாகத்தான்.

கேள்வி: அவருடைய எட்டு மணி நேரப் படத்தை எப்படிப் பார்ப்பது?

எட்டிலிருந்து தொடங்காதீர்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய 'அங் பபாயெங் ஹுமாயோ' (2016) 226 நிமிடம்தான். அங்கே தொடங்கி, லொகார்னோ விழாவில் வென்ற 338 நிமிட 'மூலா ச குங் அனோ அங் நோன்' (2014) போங்கள். அசையாத கேமரா, வெட்டாத நீண்ட ஷாட். 35 மி.மீ. சுருள் 1,000 அடி ஓடினால் 11 நிமிடம், பிறகு கேமராவை நிறுத்தி மாற்ற வேண்டும். டிஜிட்டல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. வேகத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். ஷாட்டின் முதல் நிமிடத்தில் ஆளைப் பார்ப்பீர்கள். மூன்றாவது நிமிடத்தில் பின்னால் மழை வலுப்பது கண்ணில் படும்.