ஹென்றி ராஜாவுக்கும் பசுமலைக்கும் என்ன தொடர்பு?

அன்புள்ள ஐயா,

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து, திருமங்கலத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் என் தம்பி, "பெண்டாட்டியைத் தள்ளிவைக்க ஓர் ஆங்கிலேய ராஜா தொடங்கிய சபைதானே இது" என்று சீண்டுகிறான். மாமனார் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அவருடைய தாத்தா மதுரைப் பக்கம் பசுமலையில் படித்து உபதேசியாராக இருந்தவர். தம்பி சொல்வது சரியா? இன்னொன்று: மாமனார் வீட்டு ஆலயத்தில் நற்கருணை கொடுக்கும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போகலாமா?

ஆர்., திருமங்கலம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் தம்பி பாளையங்கோட்டையில் நின்று இதைச் சொல்லியிருந்தால் பாதியாவது சரி என்பேன். அங்கே ஊழியம் செய்த சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. இரண்டும், தம்பி சொல்லும் ராஜாவான எட்டாம் ஹென்றி 1534இல் போப்பாண்டவரிடமிருந்து பிரித்த இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மிஷனரிச் சங்கங்கள். திருமங்கலத்துக்கு அந்தக் கதை பொருந்தாது.

மதுரைக்கு 1834இல் வந்தது அமெரிக்கன் மிஷன். அதுவும் யாழ்ப்பாணம் வழியாக வந்தது. 1816 முதல் அங்கே இயங்கிய மிஷனின் மிஷனரிகள், அங்கே படித்த தமிழ் உதவியாளர்களையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்தார்கள். அனுப்பிய சங்கத்தின் தலைமையிடம் பாஸ்டன். அவர்கள் காங்கிரிகேஷனல் மரபினர். ராஜாவின் சபையையும் அதன் பிஷப்புகளையும் பொறுக்காமல் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டன்களின் வழிவந்தவர்கள். ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும், மேலே பிஷப் என்று ஒருவர் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. (நடைமுறையில் சம்பளம் கொடுத்த மிஷனரியின் சொல்தான் செல்லுபடியானது. அது வேறு கதை.)

பசுமலை செமினரி (சபை ஊழியர் பயிற்சிப் பள்ளி) 1842இல் உங்கள் திருமங்கலத்தில்தான் தொடங்கியது. 1845இல் பசுமலைக்குப் போனது. அமெரிக்கன் கல்லூரியும் 1881இல் பசுமலையில் பிறந்ததுதான். ஆக, உங்கள் மாமனாரின் தாத்தா பாடம் கேட்டது ஹென்றியின் சபையோடு மல்லுக்கட்டியவர்களின் வாரிசுகளிடம். மாமனார் சிரிப்பது இதனால்தானோ என்னவோ.

பிறகு பேராயர், அதாவது பிஷப், எப்படி வந்தார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1908இல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1919இல் தரங்கம்பாடியில் கூடி ஆங்கிலிக்கர்களோடும் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்) இணையலாம் என்ற பேச்சு எழுந்தது. மெத்தடிஸ்டுகள் பின்னர் வந்தார்கள். பிஷப் இல்லாமல் முடியாது என்றது ஒரு தரப்பு. பிஷப்பா, எங்களுக்கா என்றது இன்னொரு தரப்பு. இப்படியே 28 ஆண்டுகள். கடைசியில் கண்ட ஏற்பாடு: பிஷப் இருப்பார், ஆனால் சபையின் சட்டதிட்டத்துக்கு உட்பட்டவராக. அந்தப் பதவிக்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிஷப் கை வைக்காமல் ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடியும் பட்டம் கொடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இதை எதிர்த்துச் சிறு பிரசுரமே எழுதினார். நம்மூர் ஆயர்களின் பட்டத்தைப் பற்றி லண்டனில் ஒரு பெருங்கவிஞர் கவலைப்பட்டார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. லுத்தரன்கள் சேரவில்லை. மதுரை-இராமநாதபுரத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், 37 வயது, ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரி. அந்தச் சபையிலும் பிஷப் கிடையாது! 113 ஆண்டுகள் பிஷப் இல்லாமலே இருந்த மிஷனுக்கு, பிஷப்பையே அறியாத சபையிலிருந்து ஒருவர் பிஷப்பாக வந்தார். உங்கள் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: இயேசு சபைக் குரு நொபிலி 1606இல் மதுரைக்கு வந்திருந்தும், மதுரைக்கென்று ஆர்.சி. மறைமாவட்டம் அமைந்தது 1938இல்தான்.

தம்பியின் கேலியில் ஒட்டியிருக்கும் உண்மை ஒன்றுண்டு. அது உங்கள் இரண்டாவது கேள்வியைத் தொடுகிறது. சி.எஸ்.ஐ. பேராயர்களின் பட்ட வரிசை, அதாவது ஒரு பிஷப் அடுத்தவர்மேல் கை வைத்துத் தொடரும் வரிசை, ஆங்கிலிக்கர் வழியாக வந்தது. அந்த வரிசை அறுந்துபோனது, ஆங்கிலிக்கக் குருப்பட்டம் செல்லாது என்று 1896இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை ரோம் இன்னும் திரும்பப் பெறவில்லை. அதனால் சி.எஸ்.ஐ. ஆயர் தரும் நற்கருணையைக் கத்தோலிக்கர் வாங்கக் கூடாது என்பது உங்கள் திருச்சபையின் சட்டம். நீங்கள் எழுந்து போனால் உங்கள் மாமனாரின் ஆலயத்தில் தடுக்க மாட்டார்கள். பிற சபைகளில் திருமுழுக்குப் பெற்று நற்கருணை வாங்குகிறவர்களை அவர்கள் வரவேற்கிறார்கள். அதே மாமனார் உங்கள் கோயிலுக்கு வந்தால் வழக்கமாக அவருக்கு நற்கருணை கொடுக்க மாட்டார்கள். ஆனால் அவர் பெற்ற ஞானஸ்நானம் செல்லும் என்பதை ரோமும் ஒப்புக்கொள்கிறது.

போகலாமா என்று கேட்டீர்கள். சட்டம் இதுதான். உங்கள் பங்குத்தந்தையிடம் ஒரு முறை பேசுங்கள். தம்பியைக் கூட்டிப் போக வேண்டாம்.