வாசகர் கேள்வி-பதில்: கல்வெட்டும் மெழுகுவத்தியும்

கேள்வி: நாவல் மட்டுமே படித்துவந்த நான், ஓராண்டாகச் சங்க இலக்கியம், வரலாறு, அறிவியல் என மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்துவருகிறேன். புறநானூறுதான் ஓடவில்லை, அரசர் புகழ்ச்சியோடு நின்றுவிட்டது. எப்படித் தொடர்வது?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் தொகைநூலுக்கு இல்லை. புறநானூற்றின் முற்பகுதியில் மூவேந்தரைப் பற்றிய பாடல்களே மிகுதி என்பதால், புதிதாக வருபவருக்குச் சலிப்புத் தட்டுவது இயல்பே. காவற்பெண்டு பாடிய 86ஆம் பாட்டுக்குப் போங்கள். அது ஆறே அடிகள்தான். சிறுகுடிசையின் தூணைப் பற்றிக்கொண்டு ‘உன் மகன் எங்கே?’ என்று ஒருவர் கேட்க, ‘அறியேன், புலி தங்கிப் போன குகை போல அவனைப் பெற்ற வயிறு இது, அவன் போர்க்களத்தில் தோன்றுவான்’ என்கிறாள் தாய். அடுத்து 112, 188, 192 ஆகியவற்றைப் படித்துவிட்டு அரசர்களிடம் திரும்பினால், அந்தப் புகழ்ச்சிக்குள்ளும் வேறு குரல்கள் கேட்கும். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த இந்நூலுக்குப் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளது. முழு நூலுக்கும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரை கைகொடுக்கும்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ வழியாகச் சோழர் வரலாற்றுக்குள் நுழைந்தேன். ஒரே நிகழ்ச்சிக்கு ஒவ்வோர் அறிஞரும் ஒவ்வொரு விளக்கம் தருகிறார்களே, யாரை நம்புவது?

பதில்: நம்புவதைச் சற்றுத் தள்ளிவைத்து, அவர்கள் காட்டும் சான்றைப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ‘பாண்டியன் தலைகொண்ட’ கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டும் அந்தக் கல்வெட்டு, அவர்களுக்கும் அவர்தம் உறவினருக்கும் உரிய நிலங்கள் குறித்த அரசாணையைப் பதிவுசெய்கிறது. கொலை எங்கே, எப்படி, யார் தூண்டுதலால் நடந்தது என்பதைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. நாவலில் நடமாடும் ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன். நந்தினியோ கல்கியின் படைப்பு.

கல் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். கரிகாலனுக்குப் பின் பட்டம் உத்தம சோழனுக்குச் சென்றதைக் கருதிய க.அ. நீலகண்ட சாஸ்திரியார் அவன்மீது ஐயம் கொண்டார், தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்க மறுத்தார். இருவர் நூல்களிலும் இந்தப் பகுதியை மட்டும் அடுத்தடுத்துப் படித்து, எது கல்வெட்டின் வாசகம், எது ஆசிரியரின் ஊகம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். தலைப்புகள் பலவற்றை மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஓர் ஆண்டில் இப்படி ஒரு சிக்கலை ஆழமாகப் படிப்பது மேல் என்பேன். (பரிசுப்போட்டிக்குப் படிப்பவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்.)

கேள்வி: தொடங்கிய நூலைக் கடைசிவரை படித்தே ஆகவேண்டுமா?

பதில்: வேண்டாம். நூலகப் புத்தகமென்றால் தவணைக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: பள்ளிக்குப் பிறகு அறிவியலைத் தொடாத எனக்கு எளிய நூல் எது? பழைய அறிவியல் நூல்களைப் படிப்பதில் பயன் உண்டா?

பதில்: மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1861இல் நூலாக வந்தன. சுடரின் நடுவே உள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, மறுமுனை வழியே வெளிவரும் ஆவியைக் கொளுத்திக் காட்டுகிறார் அவர். நீங்களும் மெழுகுவத்தியை அணைத்தவுடன் மேலெழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவிதான் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்துவிடும். தமிழில் தொடங்க விரும்பினால், வழக்கறிஞராக இருந்துகொண்டே பல்லாண்டுகள் அறிவியல் எழுதிய பெ.நா. அப்புஸ்வாமியின் கட்டுரைகளைத் தேடுங்கள்.

ஆனால் எல்லா அறிவியல் நூலும் ஃபாரடேயின் நூலைப் போல நிலைப்பதில்லை. இலக்கியத்தில் நாம் பார்க்காத ஒன்றை இங்கே முதலில் பார்க்கவேண்டும்: நூல் வெளிவந்த ஆண்டு. 2006க்கு முந்திய நூல் புளூட்டோவைக் கோள்களில் சேர்த்திருக்கும்; 1998க்கு முந்திய நூலில் அண்டம் விரியும் வேகம் கூடிவருகிறது என்ற செய்தி இருக்காது; ஈர்ப்பலைகள் நேரடியாகப் பதிவானதோ 2015இல்தான். ஆகவே வானியலுக்கு மட்டும் பழைய புத்தகக் கடையை நம்பாமல் புதிய பதிப்பாகவே வாங்குங்கள்.