காய்ச்சல் மாறி மாறி வந்த பிறகு ஹாட் யோகாவை மறுபடி எப்படித் தொடங்குவது?

மழைக்காலத்தில் டெங்கு, அது போனதும் விடாத சளி இருமல், அப்புறம் இன்னொரு காய்ச்சல் என்று சேலத்தில் போய்க்கொண்டிருந்த, சூடாக்கிய அறையில் ஆசனம் செய்யும் ஹாட் யோகா வகுப்பு மாதக்கணக்கில் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது திரும்பலாம், எப்படித் தொடங்கலாம், வியர்த்துக் கொட்டினால் உடம்பில் இருக்கிற நோயெல்லாம் போய்விடும் என்று உடன் பயிற்சி செய்பவர்கள் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் நடந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இதற்காக நிறையப் படித்தேன், டாக்டரிடமும் யோகா மாஸ்டரிடமும் நச்சரித்துக் கேட்டேன். அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசனம் வேறு, சூடு வேறு. சூடான அறையில் செய்து பழகியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் உடம்பு இரண்டையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்கிறது, தனித்தனியாக இழக்கிறது. ஆசனம் அவ்வளவு சீக்கிரம் மறந்துபோகாது. சூட்டைத் தாங்கும் பழக்கம் சீக்கிரம் போய்விடும். அதனால் ஆசனத்தை முதலில் மீட்டுக்கொண்டு, சூட்டைக் கடைசியில் சேருங்கள். நான் சொல்ல வருவது முழுவதும் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். தினமும் சூட்டில் உழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறைவாக வெளியேறும், அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். வகுப்பில் சேர்ந்த புதிதில் தலை சுற்றியதும் சில வாரத்தில் அது சரியானதும் இதனால்தான். விட்டுவிட்டால் மூன்று நான்கு வாரத்திலேயே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதோடு காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே இருந்தால் ரத்தத்தின் நீர் அளவும் குறையும், தசையும் குறையும். அப்போது உங்கள் மனதில் இருப்பது பழைய ஆள், அறைக்குள் நுழைவது சூட்டுக்குப் புதிய ஆள். சமீபத்தில் நோயிலிருந்து எழுந்திருப்பது வெப்பத் தாக்குதலுக்கு ஒரு காரணம் என்று மருத்துவத்தில் தெளிவாகவே சொல்கிறார்கள்.

அந்த அறை எப்படிப்பட்டது என்பதையும் யோசியுங்கள். கொல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷிடம் கற்ற பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய முறை 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம். சூடு 40 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேல், ஈரப்பதம் 40 சதவீதம். அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015ல் தீர்ப்புச் சொன்னது. இன்று ஹாட் யோகா என்ற பெயரில் இடத்துக்கு இடம் வேறு வேறு மாதிரி நடக்கிறது. ஆகவே திரும்பும் முன் உங்கள் வகுப்பில் சூடு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 35 டிகிரியில் ஒரு மணி நேரமும் 40 டிகிரியில் ஒன்றரை மணி நேரமும் நோயிலிருந்து எழுந்த உடம்புக்கு ஒன்றல்ல.

எப்போது தொடங்கலாம்? காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையிலும் அழற்சி உண்டாக்கும். அந்த நேரத்தில் உடம்பை வருத்துவது உண்மையிலேயே ஆபத்து. காய்ச்சல் போன பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, மாடிப்படி ஏறினால் வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்காமல் பாயை விரிக்காதீர்கள். டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை சீக்கிரம் ஏறிவிடும், ஆனால் அசதி வாரக்கணக்கில் இழுக்கும். ரிப்போர்ட் நார்மல் என்பதும் உடம்பு தயார் என்பதும் வேறு வேறு.

திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்ச் சோதனை அவசியம். அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள், சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு உதவியது ஏற்காடு. நாகலூர்ப் பக்கம் நாத்தனார் வீடு. இருமல் முழுதாக நின்ற பிறகு, "இங்கே வந்து கொஞ்ச நாள் இரு, தூங்கு, சாப்பிடு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று கூப்பிட்டார். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். காப்பிப் பழம் காயப்போடும் சிமெண்ட் களத்தின் ஓரத்தில், வெயில் வந்த பிறகு பாயை விரித்தேன். சூடான அறையில் நெற்றி முழங்காலில் படும் ஆசனத்தில், இங்கே கை கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. வலது தொடையின் பின்பக்கம் இடதைவிட எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. சூடு தசையை இளக்கிவிடும், அதனால் உண்மையான எல்லையைத் தாண்டியும் போய்விடுவோம். நோயில் தசை பலம் குறைந்திருக்கும்போது அப்படித் தாண்டினால் தொடைத் தசை இழுத்துக்கொள்ளும் என்று மாஸ்டர் முன்பே எச்சரித்திருந்தார். குளிரில் அந்த ஏமாற்று இல்லை.

எல்லோரும் ஏற்காடு போக வேண்டும் என்று சொல்லவில்லை. அஸ்தம்பட்டியில் உங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் போட்டுச் செய்தாலும் அதே பலன்தான். முதலில் தரையில் படுத்தும் உட்கார்ந்தும் செய்கிற ஆசனங்கள் மட்டும். புஜங்காசனம், பவன முக்தாசனம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சவாசனம். நின்று குனிந்து நிமிர்வதை அப்புறம் சேருங்கள். படுக்கையில் கிடந்து எழுந்தவர்களுக்குச் சட்டென்று நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். முழங்காலிட்டுப் பின்னால் வளைகிற உஷ்டிராசனம் எல்லாவற்றுக்கும் கடைசி. மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை இருமல் நின்று ரொம்ப நாள் ஆகும்வரை தொடவே வேண்டாம், அது அடங்கிய இருமலைக் கிளப்பிவிடும்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பைப் பாருங்கள். நலமாக இருந்தபோது எவ்வளவு இருந்ததோ அதைவிட பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்று வெறும் நடை மட்டும். எனக்கு இது மிக நல்ல வழிகாட்டியாக இருந்தது. மனசு ஆசைப்படும், நாடி உள்ளதைச் சொல்லும்.

வீட்டில் முழு வரிசையையும் செய்து, மறுநாள் அசதி இல்லாமல் எழுந்திருக்க முடிகிறது என்றால் சூடான அறைக்குப் போகலாம். கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். நோயிலிருந்து வருகிறேன், நடுவில் உட்காருவேன், வெளியேயும் போவேன் என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் திரும்பிப்போன முதல் வகுப்பில் நின்று செய்யும் பகுதியில் பாதிதான் செய்தேன். மீதி நேரம் உட்கார்ந்து மூச்சை மட்டும் பார்த்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து, "இன்னைக்கு இந்த ரூம்ல இருக்கறதே பயிற்சிங்க, உட்காருங்க" என்றார். அந்தச் சொல் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு ஆசனமாகச் சேர்த்துக்கொண்டேன். தலைவலி, குமட்டல், உடம்பு சிலிர்ப்பது, வியர்வை திடீரென்று நிற்பது, பேச்சு தடுமாறுவது இதில் எது வந்தாலும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துத் தீர்க்காதீர்கள், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் போதும். அதிகமாக வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் உப்பு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளிக்காகச் சாப்பிடும் சில அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். அவற்றைச் சாப்பிடும் நாளில் சூடான அறை வேண்டாம்.

வியர்வையில் நோய் போகுமா? போகாது. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். காய்ச்சலோடு சூட்டில் வியர்ப்பது இருக்கிற நீரையும் இழக்கும் வழி. அந்த மூடிய அறையில் உங்கள் சளி பக்கத்துப் பாய்க்கும் போகும், அதனால் லேசான சளி என்றாலும் அன்று வீட்டில் இருப்பதுதான் மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. இன்னொரு செய்தி உங்களுக்கு நிம்மதி தரலாம். 2018ல் எக்ஸ்பெரிமெண்டல் ஃபிசியாலஜி என்ற இதழில் வந்த ஆய்வில், நடுத்தர வயதினர் ஒரு குழு 40.5 டிகிரியிலும் இன்னொரு குழு 23 டிகிரியிலும் அதே பிக்ரம் வரிசையை 12 வாரம் செய்தார்கள். ரத்தக் குழாய் விரிந்துகொடுக்கும் தன்மை சூடில்லாத குழுவிலும் மேம்பட்டது, அதற்குச் சூடு கூடுதலாக உதவியதாகத் தெரியவில்லை. அதனால் சூட்டைத் தள்ளிப்போட்டால் எல்லாம் போச்சு என்று தவிக்க வேண்டியதில்லை. சூட்டில் செய்வது எனக்குப் பிடிக்கும், அந்த அமைதி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் திரும்பிப் போனேன். ஆரோக்கியத்துக்கு அது கட்டாயம் என்பதால் அல்ல.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெளியிலேயே 40 டிகிரி தொடும். பகலெல்லாம் அந்த வெயிலில் அலைந்துவிட்டு மாலையில் ஹீட்டர் போட்ட அறைக்குப் போவது தேறிவரும் உடம்புக்கு இரட்டைச் சுமை. முடிந்தால் டிசம்பர், ஜனவரியில் திரும்புங்கள், இல்லையென்றால் காலை வகுப்பாகப் பாருங்கள். டெங்கு ஒருமுறை வந்தவர்களுக்கு வேறு வகைக் கிருமியால் இரண்டாவது முறை வந்தால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் வகுப்பைப் பற்றி யோசிக்காமல் நேரே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கட்டணத்தையும் பேசிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால், பணம் வீணாகிறதே என்று உடம்பு முடியாத நாளிலும் கால் அங்கேதான் இழுக்கும். வந்த வகுப்புக்கு மட்டும் காசு என்று முதல் இரண்டு மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள். எங்கள் மாஸ்டர் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.