பல் படும் இடம்: கடல் மீனுக்கான ஃப்ளை பற்றிக் கேள்வி பதில்

நீரில்லாத ஆறு என்று சொலவடையே பெற்ற வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனுக்கு ஃப்ளை (தூண்டில் முள்ளில் முடி, இறகு கட்டிச் செய்யும் போலி இரை) கட்டுகிறேன் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. பழவேற்காட்டுக்கும் முட்டுக்காட்டுக்கும் போய்வரும் என்னிடம் வட ஆற்காட்டு நண்பர்கள் கேட்டவற்றுள், சீலா, வஞ்சிரம், பாறை, கொடுவா போன்ற வேட்டை மீன்களின் வாயில் சிக்கியும் பிரியாத ஃப்ளை பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காட்பாடி): ஐயா, தலைப்பகுதி முழுவதும் எபாக்ஸி பசை பூசியும் இரண்டாவது மீனிலேயே ஃப்ளை பிரிந்துவிடுகிறது. எந்த எபாக்ஸி வாங்குவது?

பதில்: எபாக்ஸியை மாற்றிப் பயனில்லை. பிரிந்த ஃப்ளையைக் கையில் எடுத்து, தலையை இரு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். மொத்தமும் முள்ளின் தண்டைச் சுற்றி மோதிரம்போல் சுழலுமானால், கோளாறு மேற்பூச்சில் இல்லை, முதல் சுற்று நூலிலேயே இருக்கிறது. வழவழப்பான எஃகுத் தண்டின்மேல் நேரடியாக முடியை வைத்துக் கட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும். முதலில் முள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, தண்டு முழுவதும் நெருக்கமாக நூலைச் சுற்றி, அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, அது காயும் முன்பே முதல் முடிக்கற்றையை வைத்துக் கட்ட வேண்டும். கற்றை சிறியதாக இருக்கட்டும். பெருங்கற்றையில் வெளிப்புற முடிகளை மட்டுமே நூல் பிடிக்கும். நடுவில் இருப்பவை எந்தப் பிடிப்புமின்றி நிற்பதால், பல் பட்டதும் அவைதான் முதலில் உருவிக்கொண்டு வரும். நூல் விஷயத்தில், ஜெல்ஸ்பன் பாலிஎதிலீன் நூலுக்கு நிகராக வலுவானது என் கைக்கு வந்ததில்லை. ஆனால் அது வழுக்கும் சுபாவமுள்ளது. மெழுகு தேய்த்தே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி (ஆற்காடு): கிளௌசர் மின்னோ கட்டும்போது ஈயக் கண்கள் (கண்போல் வைக்கும் ஈயக் குண்டுகள்) பக்கவாட்டில் சாய்ந்துவிடுகின்றன.

பதில்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாப் கிளௌசர் 1980களில் ஆற்று மீனுக்காக உருவாக்கிய அந்த ஃப்ளை, இன்று கடல் மீனுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. தண்டின் மேற்பக்கத்தில் கட்டிய கண்களின் கனத்தால் அது நீரில் தலைகீழாகப் புரண்டு, முள்முனை மேல்நோக்கி ஓடும். ஆகவே கண் சாய்ந்தால் ஃப்ளையின் ஓட்டமே கெட்டுவிடும். கண்ணை வைத்து எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து சுற்று போடுவதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நூலைக் கண்களுக்கு அடியிலும் தண்டுக்கு மேலுமாகக் கிடைமட்டமாக ஏழெட்டுச் சுற்று கொண்டுபோய் இழுத்தால், முன்பு போட்ட எட்டுச் சுற்றுகள் அனைத்தும் நெரிபட்டு இறுகும். கொசுவத்தை அரைஞாண் இறுக்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பசை விடுங்கள். நான் முதன்முதலில் கட்டிய ஒரு டஜனில் இந்தச் சுற்று ஒன்றிலும் இல்லை. ஒரே காலையில் ஐந்தின் கண்கள் கோணிப்போயின.

கேள்வி (ஆம்பூர்): வெளிநாட்டு மான்வால் முடி விலை தாங்கவில்லை. எங்கள் ஊரில் ஆட்டுத்தோலுக்குப் பஞ்சமில்லை. அந்த முடி ஆகுமா?

பதில்: நன்றாக ஆகும், ஆனால் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்பதே முக்கியம். தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பட்டுக் கழன்ற முடி தன் வலுவை இழந்துவிட்டது; விரலில் சுற்றி இழுத்தாலே அறுந்துபோகும். இறைச்சிக் கடையில் அன்றறுத்த ஆட்டின் வாலைக் கேட்டு வாங்குங்கள். கையில் காயம் இருந்தால் உறை அணிந்துகொண்டு, ஷாம்பூவில் இருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, சீப்பால் வாரி அடிமயிரை நீக்கிவிடுங்கள். அடிமயிர் தங்கினால் கற்றை பருத்து, நூல் சரியாகப் பிடிக்காது. மான்வால் முடிபோல் இது அடிப்பகுதியில் உட்குழிவாக இராததால் நூலுக்கு நசுங்கிக் கொடுக்காது. ஆகவே கற்றைதோறும் ஒரு சொட்டுப் பசை கட்டாயம். நம் நாட்டுக் காட்டு மான்களின் முடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி (குடியாத்தம்): ஜவ்வாது மலைக் கானக்கோழியின் கழுத்திறகு?

பதில்: அதே சட்டம், அதே பதில். வீட்டுச் சேவலின் கழுத்திறகு போதும்.

கேள்வி (ஆரணி): பட்டுச்சேலை ஜரிகையை மினுமினுப்புக்குச் சேர்க்கலாமா?

பதில்: ஆரணிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். அசல் ஜரிகையின் வெள்ளி கறுத்துவிடும். டெஸ்டட் ஜரிகையில் உள்ள செம்பு உப்புநீர் பட்டுப் பச்சை பிடிக்கும். தறிக்காரர்கள் மதிக்காத பிளாஸ்டிக் ஜரிகைதான் இங்கே மேலானது. நுனியை நெருப்பில் காட்டினால் சுருண்டு உருகுவது பிளாஸ்டிக். பக்கத்துக்கு நான்கு இழை போதும். அதற்கு மேல் வைத்தால் பெரிய கொடுவா பின்தொடர்ந்து வந்தும் வாய் வைக்காமல் திரும்பிவிடுகிறது என்பது என் அனுபவம்.

கேள்வி (ராணிப்பேட்டை): எந்த முள், எந்தப் பூச்சு? தூண்டில் நரம்புக்கும் ஃப்ளைக்கும் இடையே கம்பி வேண்டுமா?

பதில்: துருப்பிடிக்காத எஃகு முள், 1/0 முதல் 3/0 வரை. தலைக்கு யூவி பசை, அதாவது புறஊதா ஒளி பட்டால் கெட்டியாகும் பசை, விரைவில் இறுகும். மெல்லிய அடுக்காக இருமுறை பூசுங்கள். சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் கம்பி இல்லாவிட்டால், நீங்கள் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் ஃப்ளை மீனோடு போய்விடும். கொடுவாவின் பல் அரம்போன்றது, செவுள்மூடிதான் கத்தி. அதற்குத் தடித்த நரம்பே போதும். திரும்பியதும் ஃப்ளைகளை நல்ல தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரமான ஒரே ஒரு சாதாரண முள், மூடிய பெட்டிக்குள் பக்கத்திலிருந்த வெள்ளை முடிகளுக்கெல்லாம் துருக்கறை ஏற்றியதைப் பார்த்த நாள்முதல், நான் வீட்டுக்கு வந்து சேரும்வரை பெட்டியின் மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.