புள்ளியும் அடிக்கோடும்

கேள்வி: மேக் கணினியிலிருந்து பென் டிரைவில் பதிந்த கோப்புகளை விண்டோஸில் திறந்தால், '._' என்று தொடங்கும் 4 கேபி அளவுள்ள துணைக் கோப்புகளும் தெரிகின்றனவே, வைரஸா?

பதில்: அல்ல. மேக், ஒரு கோப்பின் உள்ளடக்கத்தோடு அதன் ரிசோர்ஸ் பகுதியையும் (ஐகான், எழுத்துரு போன்ற தரவுகளுக்கான கூடுதல் பகுதி) வண்ணக் குறி போன்ற மேல்விவரங்களையும் தனியே வைத்துக்கொள்கிறது. பென் டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் இவற்றுக்கு இடமில்லாததால், 'ஆப்பிள்டபுள்' வடிவில் அந்தத் துணைக் கோப்பில் எழுதிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பொதியும் 'ஆப்பிள்சிங்கிள்' வடிவமும் உண்டு. ஆனால் அதன் தலைப்பகுதி உள்ளடக்கத்துக்கு முன்னால் வந்து நிற்பதால், பிற கணினிகளின் மென்பொருள்கள் திணறும். புகைப்படம், பிடிஎஃப் என்றால் துணைக் கோப்பைத் தயங்காமல் அழிக்கலாம். பழைய மேக் எழுத்துருவாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள்: அதன் சரக்கு முழுவதும் ரிசோர்ஸ் பகுதியிலேயே இருக்கக்கூடும் என்பதால், மூலக் கோப்பு 0 பைட் என்று காட்டும்.