சாக்லேட் தொழிற்சாலையில் ஒரு லயம்

கேள்வி: சிறுவயதில் ஆசையாகப் படித்த கதைப்புத்தகத்தை வளர்ந்தபின் மறுபடி படித்து, அதில் ஒளிந்திருந்த சேதியைக் கவனித்ததுண்டா?

உண்டு. ஆனால் அது ஒளிந்திருக்கவில்லை, பட்டவர்த்தனமாகவே எழுதியிருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

புத்தகம், ரோல்ட் டால் எழுதிய ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’. போன பள்ளி விடுமுறையில் மகளுக்குப் படித்துக் காட்ட எடுத்தேன். முதலாளி வோங்கா தன் ஆட்களைப் பற்றிப் பேசும் இடம் வந்ததும் பக்கம் நகரவில்லை. செய்முறையைத் திருடுகிறார்கள் என்று உள்ளூர்த் தொழிலாளர் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடல் கடந்து ஒரு காட்டிலிருந்து குட்டை மனிதர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவருகிறார். உம்பா லும்பாக்கள். (இந்தப் பெயரைத் தமிழில் சரியாக எழுதினால் வில்லங்கம், இப்படியே இருக்கட்டும்.) காற்றுக்கு ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்து, யாருக்கும் தெரியாமல். கூலி கொக்கோ கொட்டை. குடியிருப்பு தொழிற்சாலைக்குள்ளேயே, வெளியே தலைகாட்டுவதில்லை. புதுச் சூயிங்கத்தை இருபது பேரிடம் சோதித்ததில் இருபது பேரும் நீலப்பழமாக ஊதிவிட்டார்கள். ஒரு கிழவர் புது பானம் ஒன்றைக் குடித்து மேலே மிதந்து போனவர்தான், திரும்பவே இல்லை. வோங்கா அதைத் தமாஷாகச் சொல்கிறார். நானும் பதினொரு வயதில் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். வீட்டு முன்வராந்தாவான அஞ்சடியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது பாட்டிக்குத் தமிழில் கதை சொல்லுவேன். பாட்டி கைக்குழந்தையாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவள். பினாங்குப் பக்கம் புலாவ் ஜெரஜாக்கில் இறக்கித் தடுத்து வைத்து, ஊசி போட்டு, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதற்கு முந்தின கதை. தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, முப்பது வருசத்துக்கு மேல் பாலுக்காகக் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவள். பெட்டி விஷயத்தைச் சொன்னதும், “காத்துக்கு ஓட்ட போட்டானா? நல்ல மனுசன்தான்” என்றாள். அடுத்து, சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். கொக்கோ கொட்டை என்றேன்.

“அதக் கொடுத்தா கடக்காரன் அரிசி போடுவானா?”

கதையில் கடையெல்லாம் கிடையாது பாட்டி என்று எரிச்சல்பட்டேன். தங்கச் சீட்டு கிடைத்து உள்ளே போகும் சார்லியாகத்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டி நேராகப் பெட்டிக்குள் இருந்தவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். அவர்களுக்குக் கங்காணி உண்டா என்றுகூடக் கேட்ட ஞாபகம்.

மகளுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் தேடிப் பார்த்தேன். 1964-இல் வந்த முதல் பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டின் கறுப்பினக் குள்ளர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 1973 பதிப்பில் தோலை ரோஜா வெள்ளையாகவும் முடியைப் பொன்பழுப்பாகவும் மாற்றி, ‘லும்பாலாந்து’ என்று ஊரையும் புதிதாகக் கொடுத்துவிட்டார்கள். நான் படித்தது அதைத்தான். நிறம்தான் மாறியது. பெட்டி, கொக்கோ கூலி, சோதனை எல்லாம் அப்படியே. டால் வேண்டுமென்று விஷம் வைத்தார் என்று நான் நினைக்கவில்லை. இளைஞராக இருந்தபோது எண்ணெய் நிறுவன வேலையில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர். தொரை வீட்டிலிருந்து பார்த்தால் கூலிக்காரர்கள் எப்போதும் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருப்பதாகத்தான் தெரியும் போலிருக்கிறது. எங்கள் ஆட்களும் பாடினார்கள்தான். பாதிப் பாட்டு கங்காணியைத் திட்டுவது.

மகளிடம் புத்தகத்தைப் பிடுங்கவில்லை. தின்னிப் பையன் அகஸ்டஸ் குளூப் குழாய்க்குள் சிக்கும் இடத்தில் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

கடைசியில் வோங்கா தொழிற்சாலையைச் சார்லிக்குக் கொடுக்கிறார். உள்ளே உழைக்கும் ஆயிரக்கணக்கான பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த சம்பந்தன், முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பாட்டியும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு போட்டவள். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குள் அஞ்சடியிலேயே தூங்கிவிட்டாள்.